ஏழாவது எலும்பு

தலையைக் கொஞ்சம் குனிந்து, பின்கழுத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கிப் பாருங்கள். சட்டைக் காலர் உட்காரும் இடத்தில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு தட்டுப்படும். பெரும்பாலானவர்களுக்கு அதுதான் கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பு. கழுத்தில் அதுவே கடைசி, அதற்குக் கீழே நெஞ்சு தொடங்கிவிடுகிறது. நான் 22 வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறவன். 2016 ஐப்பசியில் ஒரு ராத்திரி, அந்த எலும்பு ஃபிலிமில் விழவில்லை என்று தெரிந்தும் விட்டுவிட்டேன். மேசையில் படுத்திருந்தது என் பெரியப்பா மகன்.

அண்ணன் தென்னை ஏறுகிறவர். ஆனைமலைப் பக்கம் நாலைந்து தோப்புகளுக்கு அவர்தான் ஆள். அன்று மத்தியானம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஏறும்போது ஒன்றும் இல்லை, குலை வெட்டிவிட்டு இறங்கும்போது பாதி மரத்தில் தளைக்கயிறு வழுக்கிவிட்டது. 15 அடி இருக்கும். கீழே கிடந்த மட்டைக் குவியலில் முதுகு விழுந்தாலும் பின்னந்தலை மண்ணில் குத்தி, தாடை நெஞ்சில் வந்து இடித்திருக்கிறது. விழுந்தவரை இரண்டு பேர் தோளிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, வண்டியில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். அவரே நடந்து எக்ஸ்ரே அறைக்குள் வந்தார். தலை மட்டும் ஒரு பக்கமாய்ச் சற்றே சாய்ந்திருந்தது. "கழுத்து புடிச்சுக்கிச்சு தம்பி, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

நடந்து வருகிறவருக்குக் கழுத்து உடைந்திருக்காது என்று நம் எல்லார் மனதிலும் ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கும் இருந்தது. கழுத்து முறிந்தும் நடந்து வந்தவர்களை அதற்கு முன்பே பார்த்திருக்கிறேன், இருந்தும் இருந்தது.

பக்கவாட்டுப் படம் எடுத்தேன். மரம் ஏறி ஏறி உரம் போட்ட தோள் அவருக்கு. ஃபிலிமில் ஆறாவது எலும்பின் மேல் பாதி வரை தெரிந்தது, அதற்குக் கீழே தோளின் நிழல் வெள்ளையாக மூடியிருந்தது. கையைக் கீழே இறக்கச் சொல்லி இன்னொன்று எடுத்தேன். அதுவும் அப்படித்தான். வலியில் அவர் முகம் சுருங்குவதைப் பார்த்து மூன்றாவதை எடுக்க மனசு வரவில்லை. டூட்டி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "கீழ சரியா தெரியலையே?" என்று கேட்டார். "தோள் வருது சார், மேல எல்லாம் நல்லா இருக்கு" என்றேன். கழுத்தைச் சுற்றி மெத்தென்ற காலர், வலி மாத்திரை, மூன்று நாள் ஓய்வு. ஒன்பது மணிக்கு வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அந்தப் பதிலை நான் சொல்லியிருக்கவே கூடாது. ஆறு வரை நன்றாக இருக்கிற படம் ஏழைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. வயது வந்தவர்களுக்குக் கழுத்தில் அடிபட்டால் கீழ்ப்பகுதி, அதாவது ஐந்து, ஆறு, ஏழு இவற்றைச் சுற்றித்தான் அதிகம் உடைகிறது, நழுவுகிறது. தோள் மறைப்பதும் அதே இடத்தைத்தான். ஏழாவது எலும்பும், அதற்குக் கீழே நெஞ்சின் முதல் எலும்பின் மேல்விளிம்பும் தெரிந்தால்தான் அது முழுப் படம். தெரியவில்லை என்றால் செய்வதற்கு வழி இருக்கிறது. கையில் அடி இல்லாத பட்சத்தில், டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது, ஒருவர் கால்மாட்டில் நின்று இரண்டு மணிக்கட்டையும் மெதுவாகக் கீழே இழுத்துப் பிடிக்கலாம். மூச்சை முழுதாக வெளியே விட்ட நொடியில் எடுத்தால் தோள் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஒரு கையை மட்டும் தலைக்கு மேலே உயர்த்தி, நீந்துகிற மாதிரி வைத்து எடுக்கும் படம் ஒன்று உண்டு. எதுவும் முடியாவிட்டால் சி.டி. இன்றைக்கு வசதி இருக்கும் இடங்களில் முதலிலேயே சி.டி.க்குப் போய்விடுகிறார்கள், அதுதான் சரி. சாதாரண எக்ஸ்ரே தவறவிடும் முறிவுகள் குறைச்சல் இல்லை.

புதன்கிழமை வலி கூடியிருக்கிறது. வியாழக்கிழமை காலையில் பெரியம்மா சுளுக்கு எடுக்கிற ஆத்தாவை வரவழைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் கழுத்து பிடித்தால், இடுப்பு பிடித்தால் முதலில் போவது அந்த ஆத்தாவிடம்தான். எழுபது வயது இருக்கும். நல்லெண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு அண்ணனின் பின்கழுத்தில் இரண்டு விரலை வைத்து மெல்ல இறக்கியிருக்கிறார். பாதியில் நின்றுவிட்டாராம். மறுபடி மேலிருந்து இறக்கி, அதே இடத்தில் மறுபடி நின்று, கையை எடுத்துவிட்டார்.

"இது சுளுக்கு இல்ல சாமி. எலும்பு படி எறங்கியிருக்குது. இதுல நான் கை வைக்க மாட்டேன். ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

என் படத்தில் விழாதது அவர் விரலில் தட்டுப்பட்டிருக்கிறது. முள்ளெலும்பு முன்னால் நழுவினால் பின்னால் இருக்கும் முட்களின் வரிசை கெடும், இரண்டு முட்களுக்கு நடுவே பள்ளம் விழும். புத்தகத்திலும் இருக்கிற அடையாளம்தான் அது. அன்று அவர் வழக்கம்போல் தலையைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் யோசிப்பதே இல்லை. விழுந்த பிறகோ வண்டியில் அடிபட்ட பிறகோ கழுத்து வலித்தால், தலை ஒரு பக்கம் சாய்ந்தால், யாரிடமும் நீவக் கொடுக்காதீர்கள், நெட்டி முறிக்க விடாதீர்கள். எல்லா ஊரிலும் அந்த ஆத்தா கிடைக்க மாட்டார்.

அண்ணி எனக்குப் போன் செய்தார். "தம்பி, இடது கை சொன்னபடி கேக்க மாட்டேங்குதுங்கறாரு. தலை சீவக் கையைத் தூக்குனா தலை மேலயே விழுந்துருது. நடுவிரல் மரத்துப்போச்சாம். எந்திரிச்சா காலு ரெண்டும் கனமா இருக்காம்."

எனக்கு விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது. முழங்கையை நீட்டுகிற தசை ஏழாவது கழுத்து நரம்பைச் சேர்ந்தது. நடுவிரலின் உணர்ச்சியும் அதனுடையது. கையை மேலே தூக்க முடிகிறது, ஆனால் நீட்டியபடி நிறுத்த முடியவில்லை என்றால், ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் நரம்பு நசுங்குகிறது. கால் கனக்கிறது என்றால் தண்டுவடத்துக்கும் அழுத்தம் வந்துவிட்டது. "அண்ணி, அவரைப் படுக்க வச்சிருங்க. தலைக்குத் தலையணை வேண்டாம். உக்காரவோ திரும்பவோ விடாதீங்க, ஒண்ணுக்குப் போறதுன்னாலும் படுத்துட்டே. தண்ணி, சாப்பாடு எதுவும் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு 108-க்குப் போன் போட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது திண்ணையில் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அவர் தலைமாட்டில் குப்புறக் கவிழ்ந்து, இரண்டு முழங்கையையும் தரையில் ஊன்றி, காதுகளின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டேன். இழுக்கவில்லை, திருப்பவில்லை. சாய்ந்திருந்த தலையை நேராக்கவும் பார்க்கவில்லை. நேராக்கும்போது வலித்தாலோ தடுத்தாலோ இருக்கிற நிலையிலேயே பிடிக்க வேண்டும். கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் யாராவது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் மனிதன் தன்னையறியாமல் தலையைத் திருப்பிவிடுவான். ஆம்புலன்ஸ் வந்ததும் கெட்டிக் காலர் போட்டு, நான் தலையையும் மூன்று பேர் தோள், இடுப்பு, காலையும் பிடித்து, தலையைப் பிடித்திருப்பவன் எண்ண, மூன்று என்றதும் ஒரே மரக்கட்டை மாதிரி உடம்பைப் புரட்டிப் பலகையை உள்ளே தள்ளினோம். எண்ண வேண்டியது தலையைப் பிடித்திருப்பவர்தான். வாந்தி வந்தாலும் இதே மாதிரி மொத்தமாகப் பக்கவாட்டில் புரட்ட வேண்டும், தலையை மட்டும் திருப்பக் கூடாது.

இதை ஒட்டி இன்னொன்று. காலர் போட்டாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். காலர் அசைவைக் குறைக்கும், முழுதாக நிறுத்தாது. தலையின் இரு பக்கமும் மணல் மூட்டையோ சுருட்டிய துண்டோ வைத்து நெற்றியைப் பலகையோடு ஒட்ட வேண்டும். ஹெல்மெட் போட்டவர் மூச்சு விட்டுக்கொண்டு, பேசிக்கொண்டு இருந்தால் நீங்களாகக் கழற்ற வேண்டாம். மூச்சுக்காகக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கீழிருந்து தாடையையும் பின்னந்தலையையும் தாங்க, மற்றவர் ஹெல்மெட்டை இரு பக்கமும் விரித்து உருவ வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து கோவை 40 கிலோமீட்டர்தான். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, தவழ்ந்து ஏற்றி இறக்கினார். அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கோவையில் பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் மருத்துவமனைத் தாள்களைப் பார்ப்பதற்கு முன்னால் அண்ணனைப் பார்த்தார். மூச்சு, நாடி, ரத்த அழுத்தம். அப்புறம் ஒரு பஞ்சு, ஒரு குண்டூசி. தோளிலிருந்து கால் கட்டைவிரல் வரை இடம் விடாமல் தொட்டு, "இது குத்துதா, மொட்டையா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். முழங்கையை மடக்கு, மணிக்கட்டைத் தூக்கு, முழங்கையை நீட்டு, என் விரலை இறுக்கிப் பிடி, விரலை விரி. இந்த ஐந்தும் ஐந்தாவது நரம்பிலிருந்து வரிசையாக ஒவ்வொரு நரம்பைச் சோதிப்பது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண். இடது முழங்கை நீட்டலுக்கு இரண்டு போட்டார். கால்களுக்கு நாலு.

கடைசியில் கையுறை போட்டு ஆசனவாயில் சோதிக்க வேண்டும் என்றதும் அண்ணிக்கு முகம் மாறிவிட்டது, அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நிறையக் குடும்பங்கள் இதை அவமானம் என்று நினைத்து மறுக்கப் பார்க்கிறார்கள். மறுக்காதீர்கள். தண்டுவடத்தின் கடைசி நரம்புகள் அங்கேதான் போய் முடிகின்றன. அங்கே தொடுவது தெரிகிறது, சுருக்க முடிகிறது என்றால் காயத்தைத் தாண்டியும் செய்தி போய்க்கொண்டிருக்கிறது, பாதிப்பு முழுமையானது இல்லை என்று அர்த்தம். ஏ முதல் இ வரை தரம் பிரிப்பார்கள். ஏ என்றால் கீழே எதுவும் இல்லை, இ என்றால் எல்லாம் சரி. அண்ணனுக்கு டி என்று எழுதினார். அந்த ஓர் எழுத்தைப் பார்த்த பிறகுதான் நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன்.

சி.டி. படம் திரையில் வந்தபோது விளக்கமே தேவைப்படவில்லை. ஓட்டு வீடு பார்த்திருப்பீர்கள். மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிந்து படிந்து இறங்கும். கழுத்தின் பின்புற மூட்டுகளும் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. தலை பலமாக முன்னால் மடங்கும்போது மேலிருக்கும் ஓடு கீழ் ஓட்டின் முனையைத் தாண்டி முன்னால் விழுந்து மாட்டிக்கொள்கிறது. அண்ணனுக்கு இடது பக்கம் ஆறாவது ஏழாவதின் மேல் அப்படி மாட்டி, ஆறாவது எலும்பு கால்வாசி முன்னால் நகர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் மாட்டியிருந்தால் பாதி அளவுக்கு நகரும், பெரும்பாலும் அப்போது தண்டுவடம் பிழைப்பதில்லை. என் ஃபிலிம் எங்கே முடிந்ததோ சரியாக அதற்குக் கீழேதான் எல்லாம் இருந்தது.

எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள். எலும்புக்கு சி.டி.; எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு, தசைநார், தண்டுவடம் இவற்றுக்கு எம்.ஆர்.ஐ. கிழிந்த வட்டு பின்னால் தண்டுவடத்துப் பக்கம் பிதுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. பிதுங்கியிருந்தால், எலும்பை இழுத்துச் சேர்க்கும்போது அது தண்டுவடத்தை நசுக்கிவிடலாம். இல்லை. அதனால் உடனே இழுத்துச் சேர்ப்பது, அடுத்த நாள் ஆபரேஷன் என்று முடிவானது.

அதற்குள் சொந்தக்காரர் ஒருவர், "ஒரு ஊசி இருக்காமே, போட்டா நரம்பு திரும்பிருமாமே" என்று போனில் பிடித்துக்கொண்டார். மெத்தில்பிரட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டைத்தான் சொன்னார். 1990-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு, அடிபட்ட எட்டு மணி நேரத்துக்குள் அதை அதிக அளவில் கொடுக்கும் வழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. அப்புறம் அந்த ஆய்வின் கணக்குகளைத் துருவிப் பார்த்ததில் கிடைக்கும் பலன் சந்தேகம், தொற்று, வயிற்றில் ரத்தக்கசிவு போன்ற கெடுதல் நிச்சயம் என்று தெரிந்தது. 2013-ல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்கள் அதைக் கொடுக்க வேண்டாம் என்றே வழிகாட்டினார்கள். எங்கள் சர்ஜன் இதைப் பொறுமையாக அவருக்குப் போனிலேயே சொன்னார். ஊசியை விட முக்கியம், ரத்த அழுத்தம் இறங்காமல் பார்ப்பதும் அழுத்தத்தைச் சீக்கிரம் எடுப்பதும் என்றார். அடிபட்ட 24 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுத்தவர்களுக்கு நரம்பு கூடுதலாகத் திரும்பியது என்று 2012-ல் வந்த ஆய்வு காட்டியிருக்கிறது. அந்த 24 மணி நேரத்தை அண்ணன் வீட்டில் மெத்தென்ற காலரோடு கழித்திருந்தார்.

இழுத்துச் சேர்க்கும்போது மயக்கம் கொடுக்கவில்லை. ஆள் விழித்திருந்து பேசினால்தான் நரம்புக்கு ஏதாவது ஆகிறதா என்று அந்த நொடியே தெரியும். இரண்டு காதுக்கும் ஒரு விரல்கடை மேலே மரத்துப்போகும் ஊசி போட்டு, இடுக்கி மாதிரி ஓர் இரும்பு வளைவின் இரண்டு கூர்முனைகளை மண்டையோட்டில் திருகினார்கள். வளைவில் கயிறு, கயிறு கட்டில் தலைமாட்டுக் கப்பி வழியாக இறங்கி, நுனியில் எடைக்கல். முதலில் நாலரை கிலோ. பத்து நிமிடம் போல் விட்டு, கை கால் சோதித்து, ஒரு எக்ஸ்ரே. இன்னும் ஒரு கல். மறுபடி சோதனை, மறுபடி எக்ஸ்ரே.

அந்த எக்ஸ்ரேக்களை எடுத்த பையனுக்கு என் மகன் வயது. முதல் படத்தைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலேயே, "சார், ஏழு வரல. யாராவது கையை இறக்கிப் புடிக்கிறீங்களா?" என்றான். சர்ஜன் தலைமாட்டில் நின்றபடி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு அண்ணனின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தேன். காய் வெட்டி வெட்டிக் காய்ப்பு ஏறிய கை. "மூச்சை வெளிய விடுங்க" என்று பையன் சொன்ன நொடியில் மெல்லக் கீழே இறக்கினேன். திரையில் ஏழாவது எலும்பு முழுசாக வந்தது, அதற்குக் கீழே நெஞ்சின் முதல் முள்ளெலும்பின் விளிம்பும். நான் முந்தாநாள் எடுக்காத மூன்றாவது படம் அது.

16 கிலோ ஆனபோது அண்ணன் கண்ணை அகல விரித்து, "டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சுங்க" என்றார். படத்தில் நாலு கோடுகளும் நேராகிவிட்டிருந்தன. எலும்புகளின் முன்விளிம்பு, பின்விளிம்பு, தண்டுவடக் குழாயின் பின்சுவர், முட்களின் நுனி என்று இந்த நாலு கோடுகளைத்தான் கழுத்துப் படத்தில் நாங்கள் கண்ணாலேயே இழுத்துப் பார்ப்பது. எடையை உடனே நாலு கிலோவாகக் குறைத்தார்கள். ராத்திரியே நடுவிரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார்.

காலையில் ஆபரேஷன். கழுத்தின் முன்பக்கமாகப் போய், கிழிந்த வட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவர் இடுப்பெலும்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டி வைத்து, மேலே டைட்டானியத் தகடும் நாலு திருகும். முன்னாலிருந்து ஏன் போகிறார்கள் என்று அண்ணி பயந்தார். வட்டு இருப்பது முன்பக்கம், தண்டுவடம் அதற்குப் பின்னால். முன்னாலிருந்து போனால் தண்டுவடத்தைத் தொடாமல் வட்டை எடுக்கலாம். ஆனால் போகும் வழியில் உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஒதுக்கிப் பிடிப்பதால் கொஞ்ச நாள் விழுங்க வலிக்கும், குரல் கம்மும். அண்ணன் இரண்டு வாரம் கரைத்த தயிர்சாதமும் ராகிக் கூழும்தான் சாப்பிட்டார். குரல் திரும்ப மூன்று வாரம் ஆனது. கழுத்தை விட இடுப்பில் எலும்பு எடுத்த இடம்தான் அதிகம் வலித்தது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பணத்தின் பெரும்பகுதியை முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது. சாலை விபத்தாக இருந்தால் 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டமும் இருக்கிறது: திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம், எந்த ஊர்க்காரராக இருந்தாலும். மரத்திலிருந்து விழுந்தவர்களுக்கு அது கிடையாது. தென்னை ஏறுகிறவர்களுக்கென்று தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேர சுரக்ஷா' காப்பீடு உண்டு, அண்ணன் அதில் சேர்ந்திருக்கவில்லை. உங்கள் தோப்புக்கு வருகிறவர் சேர்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

அடுத்த கட்டிலில் 19 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். சித்திரையில் கிணற்றில் தலைகீழாகக் குதித்திருக்கிறான். தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை. ஐந்தாவது எலும்பு நொறுங்கி, தரம் ஏ. வேறொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் எல்லாம் முடிந்து, படுக்கைப் புண்ணுக்காக இங்கே வந்திருந்தான். தோளைத் தூக்குவான், முழங்கையை மடக்குவான், அவ்வளவுதான். மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு மூன்று, நாலு, ஐந்தாவது கழுத்து நரம்புகளிலிருந்து கிளம்புகிறது. அதில் பெரும்பகுதி தப்பியதால் தானாக மூச்சு விட்டான். ஆனால் நெஞ்சுத் தசை வேலை செய்யாததால் இருமல் வராது. பிசியோதெரபிஸ்ட் அவன் இரும முயலும் நொடியில் வயிற்றில் இரண்டு கையையும் வைத்து மேல்நோக்கி அமுக்கிச் சளியை வெளியேற்றுவார். அவன் அம்மா அதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

அந்த அம்மாவிடம் நான் கற்றது என் 22 வருட வேலையில் கற்காதது. இரண்டு மணிக்கு ஒரு தடவை அவனைப் புரட்டுவார், செல்போனில் அலாரம் வைத்திருந்தார், ராத்திரி இரண்டு, நாலு, ஆறு. ஒவ்வொரு தடவையும் குதிகால், இடுப்பெலும்பு, பிட்டம் எல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்பார். சிவந்த இடம் அமுக்கினால் வெளுக்காவிட்டால் அந்தப் பக்கம் அடுத்த முறை படுக்க வைக்க மாட்டார். ஒரு மத்தியானம் பையன் திடீரென்று, "அம்மா, தலை வெடிக்குது" என்றான். முகமும் கழுத்தும் செக்கச் சிவந்து, நெற்றியெல்லாம் வியர்வை. கீழ் உடம்பு குளிர்ந்து வெளுத்திருந்தது. நான் நர்ஸைக் கூப்பிட ஓடினேன். திரும்பி வருவதற்குள் அவர் கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்தி அவனை உட்கார வைத்துவிட்டு, சிறுநீர்க் குழாயைத் தடவிக்கொண்டு போய், தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்ததை நிமிர்த்திவிட்டார். பையில் மூத்திரம் கொட்டியது. ஐந்து நிமிடத்தில் தலைவலி போனது. நெஞ்சின் ஆறாவது நரம்புக்கு மேலே தண்டுவடம் அறுந்தவர்களுக்கு, நிரம்பிய மூத்திரப் பையோ, இறுகிய மலமோ, புண்ணோ இப்படி ரத்த அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடும். பக்கவாதமே வரலாம். உட்கார வை, குழாயைப் பார், இறுக்கமான துணியைத் தளர்த்து. இதை வீட்டில் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காயத்துக்குக் கீழே வியர்க்காது, அதனால் உடம்பு சூடேறிவிடும். சித்திரை வைகாசியில் ஈரத்துணியும் காற்றாடியும் அவர்களுக்கு மருந்து மாதிரி.

அந்தப் பையன் போன்றவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு என்ன என்பதுதான் பெரிய கேள்வி. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் 1966-லிருந்து இருக்கிறது. விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் பார்த்த மேரி வர்கீஸ் உருவாக்கிய இடம். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-ல் சொந்த ஊரில் அதை ஆரம்பித்தார். பையனின் அம்மாவிடம் ஆய்க்குடியைப் பற்றிச் சொன்னபோது, "அவருக்குக் கை கால் வருமா?" என்று கேட்டார். வராது என்றேன். "அப்படியே இருந்துதான் இவ்வளவும் பண்ணாரா?" என்று கேட்டுவிட்டு, முகவரியை எழுதித் தரச் சொன்னார்.

வயதானவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அடிக்கடி தவறுவது அங்கேதான். குளியலறையில் வழுக்கி நெற்றியோ தாடையோ இடித்திருக்கும். நடப்பார்கள். ஆனால் "கை ரெண்டும் எரியுதுங்க, சட்டைப் பித்தான் போட முடியல" என்பார்கள். எக்ஸ்ரேயில் முறிவே இருக்காது, தேய்மானம்தான் தெரியும். ஏற்கெனவே குறுகிப்போன குழாயில் தண்டுவடத்தின் நடுப்பகுதி நசுங்கியிருக்கும். காலை விட கை அதிகம் தளர்ந்தால் தேய்மானம் என்று மாத்திரையோடு அனுப்பாமல் எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் கழுத்தில் அடிபட்ட எல்லாருக்கும் படம் எடுக்க வேண்டுமா? வேண்டாம். ஆள் தெளிவாக இருக்கிறார், குடிக்கவில்லை, பின்கழுத்தின் நடுக்கோட்டில் அமுக்கினால் வலியில்லை, கை கால் மரப்போ தளர்ச்சியோ இல்லை, கவனத்தைத் திருப்புகிற அளவுக்கு வேறு பெரிய காயம் இல்லை. இந்த ஐந்தும் சேர்ந்தால் டாக்டர் படம் இல்லாமலேயே காலரைக் கழற்றலாம். ஒன்று குறைந்தாலும் எடுக்க வேண்டும். 65 வயது தாண்டியவர்கள், மூன்றடிக்கு மேலிருந்து விழுந்தவர்கள், தலைகீழாகக் குதித்தவர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

அண்ணன் பத்து நாளில் வீடு வந்தார். கெட்டிக் காலர் ஆறு வாரம். தாடைக்குக் கீழும் பின்னந்தலையிலும் அது புண்ணாக்கும், அதனால் தினமும் படுத்தபடியே ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முன்பாதியைக் கழற்றித் துடைத்து, ஈரம் காயவைத்து மாட்ட வேண்டும். முகச் சவரமும் அப்போதுதான். கைக்குச் சுவரைத் தள்ளும் பயிற்சி, படுத்துக்கொண்டு சொம்பைக் கூரையை நோக்கித் தூக்கும் பயிற்சி. முதலில் காலிச் சொம்பு, அப்புறம் கால்வாசித் தண்ணீர். முதல் மாதம் முழங்கை மடங்கித் தண்ணீர் முகத்தில்தான் கொட்டியது. ஆறாவது மாதம் நிறை சொம்பை நிறுத்தினார். நடுவிரல் நுனியில் மரப்பு இன்னும் இருக்கிறது. மரம் ஏறுவதில்லை. தென்னை நாற்று போட்டு விற்கிறார்.

அவரிடம் நான் நடந்ததைச் சொன்னேன். தோள் மறைத்தது, மூன்றாவது எடுக்கவில்லை, டாக்டர் கேட்டும் நல்லா இருக்கு என்று சொன்னேன் என்பதையெல்லாம். கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அப்புறம், "இனி வர்றவங்களுக்கு எடுத்துரு" என்றார்.

எடுக்கிறேன். ஏழு தெரியவில்லை என்றால் ஃபிலிம் உறையின் மேல் கொட்டை எழுத்தில் 'ஏழாவது எலும்பு தெரியவில்லை, காலரைக் கழற்ற வேண்டாம்' என்று எழுதி என் பெயரையும் போடுகிறேன். நீங்களும் கேட்கலாம், தயங்க வேண்டாம்: "ஏழாவது எலும்பும் அதுக்குக் கீழயும் தெரியுதுங்களா?" கேட்டதற்காக எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்தச் சுளுக்கு ஆத்தா போன வருடம் முழங்கால் எக்ஸ்ரேக்கு எங்களிடம் வந்தார். படம் எடுத்து முடித்ததும், "ஆத்தா, அன்னைக்கு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன். என் கையைப் பிடித்து இழுத்து, தலையைக் குனிந்து, என் இரண்டு விரலைத் தன் பின்கழுத்தில் வைத்தார். மெலிந்த கழுத்து, ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாகத் தட்டுப்பட்டது. "எறக்கிப் பாரு சாமி, மெதுவா. அமுக்காத" என்றார். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் ஒரே சீராக இறங்கி, காலர் விளிம்பில் அந்தத் துருத்திய எலும்பில் போய் நின்றது.